பெயர் சொல்லி அனுப்புதல்: கிரானில் ஒரு வியாபாரப் பரிந்துரைக் குழுவைக் கட்டி வளர்ப்பது

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் வீடு கட்டத் தொடங்குகிறவர் சீமெந்து விலை கேட்க ஹாட்வெயார் கடைக்குப் போவார். விலையைக் கேட்ட கையோடு, "நல்ல மேசன் ஆரும் இருந்தாச் சொல்லுங்க முதலாளி" என்பார். கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்வார். அந்த மேசன் பிறகு ஒரு வயரிங்காரரைச் சொல்வார், வயரிங்காரர் வெல்டிங் கடையைச் சொல்வார். விளம்பரம் எதுவும் இல்லாமலே இங்கே வேலை இப்படித்தான் கைமாறுகிறது. பெயர் சொன்னவருக்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாமல் போவதும், பெயர் சொல்லப்பட்டவர் வேலைக்குப் போகாமல் விடுவதும்தான் இதிலுள்ள குறை. அந்தக் குறையை நீக்கி, பத்துப் பதினைந்து பேர் ஒழுங்காகக் கூடிப் பரிந்துரை கொடுக்கும் குழு ஒன்றை அமைக்கும் வழியை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது.

தொடங்குமுன் ஒரு விடயத்தை மனதில் இருத்துங்கள். ஒருவரைப் பரிந்துரைக்கும்போது உங்கள் பெயரும் அவரோடு அந்த வீட்டு வாசலுக்குப் போகிறது. ஆகவே உறுப்பினர்கள் ஒருவர் வேலையை ஒருவர் கண்ணால் கண்டு அறிந்திருக்கும் அளவுக்குத்தான் குழு வளரலாம். அதைத் தாண்டிச் சேர்க்கும் ஒவ்வொரு ஆளும் மற்றவர்களின் பெயருக்கு ஆபத்து.

## மற்றவர்கள் செய்து பார்த்தது

1905 பெப்ரவரி 23 அன்று சிகாகோவில் போல் ஹாரிஸ் என்ற சட்டத்தரணி, ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியியலாளர், ஒரு தையற்காரர் என நால்வர் கூடினார்கள். ரோட்டரி இயக்கம் அங்கிருந்து தொடங்கியது. இன்று அதைச் சமூக சேவை அமைப்பாகத்தான் அறிவோம். தொடக்கத்தில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுப்பதும் அதன் நோக்கமாக இருந்தது. ஒவ்வொரு உறுப்பினரின் இடத்திலும் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயரே வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதியும் அங்கே இருந்தது.

1985இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் என்ற முகாமைத்துவ ஆலோசகர் தன் பெரிய வாடிக்கையாளர் ஒருவரை இழந்தார். புதிய வேலை தேடி நண்பர்களைக் கூட்டினார். அந்தக் கூட்டம் பிஎன்ஐ என்ற பெயரில் வளர்ந்து இலங்கை, இந்தியா உட்படப் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அங்கும் ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஓர் இடம்தான். வாராவாரம் கூட வேண்டும், கொடுத்த பரிந்துரைகள் கணக்கில் ஏற வேண்டும்.

இந்த இரண்டிலிருந்தும் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: தொழிலுக்கு ஓர் இடம், உறுப்பினரின் வேலைத்தலத்திலேயே கூடுவது, கணக்கு எழுதுவது. வாராந்தக் கூட்டமும் பெரிய சந்தாவும் நகரத்துக்குப் பொருந்தும். விதைப்பும் அறுவடையும் நாளைத் தீர்மானிக்கும் ஊருக்குப் பொருந்தாது.

## படி 1: ஊரை எழுதிப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம். வாடிக்கையாளர் ஒருவர் எதற்காகப் பணம் செலவழிக்கிறார் என்று எழுதுங்கள். கிரான் பக்கத்தில் நான்கு சங்கிலிகள் தெளிவாகத் தெரியும்.

1. வீடு: ஹாட்வெயார், மணல் கல் ஏற்றுபவர், மேசன், ஓடாவியார், வயரிங், குழாய் வேலை, வெல்டிங், பெயின்ற்.
2. வயல்: விதைநெல், உரம், உழவு இயந்திரம், இயந்திரம் திருத்துபவர், நெல் வெட்டும் மெசின், அரிசி ஆலை, நெல் ஏற்றும் லொறி.
3. கலியாணம், சாமத்தியச் சடங்கு: மண்டபம், பந்தல், சமையல், தையல், அலங்காரம், படம் பிடிப்பவர், வாகனம், அச்சகம்.
4. பாசிக்குடா: அங்குள்ள விடுதிகளுக்கு மீன், மரக்கறி, தயிர், முட்டை, சலவை, ஆட்டோ, குளிரூட்டி திருத்தம்.

ஒரே சங்கிலியில் இருப்பவர்கள் ஒரே வாடிக்கையாளரைப் பகிர்கிறார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் போட்டி இல்லை. தொடக்கத்தில் ஒரு சங்கிலியைப் பிரதானமாகப் பிடியுங்கள். என் கணிப்பில் வீட்டுச் சங்கிலிதான் முதலுக்கு நல்லது. வேலை ஆண்டின் பெரும்பகுதியும் இருக்கும், ஒரு வேலை முடியும்போதே அடுத்த ஆள் தேவைப்படுவார். கலியாணச் சங்கிலி இலாபமானது, ஆனால் நல்ல மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

எல்லை எவ்வளவு? கிரான் மட்டும் போதாது. திருகோணமலை வீதியில் தெற்கே சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, ஏறாவூர் வரையும் வடக்கே வாழைச்சேனை, ஓட்டமாவடி வரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் உள்ள முஸ்லிம் வியாபாரிகளைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று விட்டால், எட்டுப் பேர் சேர்ந்த பிறகு வருகிறவர் விருந்தாளியாகத்தான் உணர்வார். போர்க்காலத்தில் இந்த வீதியில் இரு சமூகங்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அறுந்து போனதைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதைத் தொழில் வழியாக மீளக் கட்டுவது குழுவின் வருமானத்துக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

## படி 2: முதல் ஏழு பேர்

கூட்டம் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரையும் அவருடைய கடையில், வேலை குறைந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். கதைக்க வேண்டியது இவ்வளவுதான்:

"அண்ணன், உங்கட வேலையை நான் மூன்று வீட்டில பாத்திருக்கன். நாலைஞ்சு தொழில்காரர் சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் ஆள் அனுப்புற ஒழுங்கு ஒண்டு செய்யப்போறம். கொப்பிச் செலவுக்குச் சின்னத் தொகையைத் தவிரக் காசு ஒண்டும் கட்டத் தேவையில்ல. மாசத்தில ரெண்டு தரம் ஒண்டேகால் மணித்தியாலம். வந்து பாருங்க."

ஏழு பேரையும் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை:

- அவர் செய்த வேலையை நீங்கள் நேரில் கண்டிருக்கிறீர்களா?
- தொலைபேசி அழைத்தால் எடுக்கிறாரா, அல்லது அன்றைக்கே திருப்பி அழைக்கிறாரா?
- முற்பணம் வாங்கிவிட்டு வராமல் விட்ட கதை ஊரில் உண்டா?
- மற்ற ஆறு பேரில் எவரோடாவது காணி, காசு, குடும்பத் தகராறு உண்டா?

அடிக்கடி நடக்கும் பிழை: சொந்தக்காரர்களால் மேசையை நிரப்புவது. மச்சான் நல்ல ஓடாவியாராகவே இருக்கலாம். ஆனால் ஏழில் நான்கு பேர் ஒரே குடும்பம் என்றால் மற்ற மூவரும் குறை சொல்ல வாய் திறக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் இடம் என்று வையுங்கள்.

வீட்டிலிருந்து தைக்கிற, சமைக்கிற, தயிர் போடுகிற பெண்களைக் கடை இல்லை என்ற காரணத்தால் விட்டுவிடாதீர்கள். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று முதலில் அறிகிறவர்கள் அவர்கள்தான்.

## படி 3: ஒரு பக்க விதி

விதிகள் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். இவை இருந்தால் போதும்:

1. ஒரு தொழிலுக்கு ஓர் இடம்.
2. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு அறிவிக்காமல் வராதவரின் இடம் காலியாகும்.
3. கிடைத்த பரிந்துரைக்கு 24 மணித்தியாலத்துக்குள் அழைப்பு எடுக்க வேண்டும்.
4. பரிந்துரைக்குக் கொமிஷன் வாங்குவதும் கொடுப்பதும் இல்லை.
5. குழுவுக்குள் கடன், சீட்டுக் கட்டுதல், (சிறு செலவுத் தொகை தவிர) பணச் சேகரிப்பு இல்லை.
6. கூட்டத்தில் அரசியல், மதப் பிரசாரம் இல்லை. தேர்தல் காலத்தில் குழுவின் பெயரை எவரும் பயன்படுத்த முடியாது.

முதல் விதி சிறிய ஊரில் மனக்கசப்பை உண்டாக்கும். கிரானில் இரண்டு ஹாட்வெயார் கடைக்காரர் ஒரே கோயில் திருவிழாவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவரைச் சேர்த்து மற்றவரை விட்டால் பகை வரும். இதற்கு வழி, இடங்களைக் கடை வாரியாகப் பிரிக்காமல் பொருள் வாரியாகப் பிரிப்பது. ஒருவர் சீமெந்து, கம்பி. மற்றவர் பெயின்ற், குழாய் என்று அவர்களே பேசி முடிவெடுக்கட்டும். முடியாவிட்டால் இரண்டாமவரின் பெயரைக் காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆளாக எழுதி, எழுதியதை அவருக்குக் காட்டுங்கள்.

நான்காம் விதியில் தளர வேண்டாம். கொமிஷன் வந்த நாளிலிருந்து, நல்ல ஆளைச் சொல்வதா கூடுதலாகத் தருகிறவரைச் சொல்வதா என்ற சந்தேகம் ஒவ்வொரு பரிந்துரையிலும் ஒட்டிக்கொள்ளும். அதன் செலவும் கடைசியில் வீடு கட்டுகிறவர் தலையில்தான் விழும்.

## படி 4: கூட்டம்

மாதம் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணித்தியாலம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் சந்தை நாளையும் தவிருங்கள். பெண் உறுப்பினர்கள் இருட்டுமுன் வீடு போய்ச் சேரும்படி மாலை நான்கரைக்கு, நேரத்தோடு இருட்டும் மாரி மாதங்களில் அதற்கும் முன், தொடங்குவது நல்லது. இடம் ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பினரின் வேலைத்தலம்: ஒரு முறை வெல்டிங் பட்டறை, மறுமுறை அரிசி ஆலை, அதற்கடுத்து மேசன் கட்டிக்கொண்டிருக்கும் வீடு. மேசன் கம்பி கட்டுவதையும் கொங்கிரீட் கலப்பதையும் பார்த்த தையற்கார அக்கா, அவரைப் பற்றி வெளியில் சொல்லும் சொல்லில் பலம் இருக்கும்.

ஒழுங்கு:

1. முதல் ஐந்து நிமிடம்: சென்ற கூட்டத்துப் பரிந்துரைகளின் நிலை வாசிக்கப்படும்.
2. ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம்: இந்த இரண்டு வாரத்தில் தேடுவது எப்படிப்பட்ட வேலை?
3. இடம் கொடுத்தவருக்குப் பதினைந்து நிமிடம்: தன் வேலையைக் காட்டி விளக்குவார்.
4. பரிந்துரைகள் கைமாறும்.
5. தேநீர்.

ஒரு நிமிடத்தில் என்ன சொல்வது என்று பலருக்குத் தெரியாது. "நான் வயரிங் செய்வன், என்ன வேலை எண்டாலும் தாங்க" என்றால் கேட்பவர் மனதில் யார் முகமும் வராது. "வாழைச்சேனைப் பக்கம் பழைய வீட்டில வயர் மாத்தப்போற ஆளைத் தேடுறன். கரண்ட் அடிக்கடி போகுது எண்டு சொல்ற ஆக்கள் தெரிஞ்சாச் சொல்லுங்க" என்றால் எதிரில் இருப்பவருக்கு உடனே ஒரு வீடு நினைவுக்கு வரும். இதை ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனியாக உட்கார்ந்து பழக்குங்கள். கூச்சப்படுகிறவர் எழுதி வாசிக்கலாம்.

## படி 5: பரிந்துரைச் சீட்டு

குழுவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. "அந்தப் பக்கம் ஆரோ வீடு கட்டுறாங்களாம்" என்பது செய்தி. தேவை உள்ளவரிடம் கதைத்து, அவர் சம்மதித்து, உங்கள் ஆளின் அழைப்பை எதிர்பார்த்து இருந்தால்தான் அது பரிந்துரை. கூட்டத்தில் செய்திகளையும் சொல்லலாம், ஆனால் கணக்கில் ஏற்ற வேண்டாம்.

கொடுக்கும் முறை:

1. வாடிக்கையாளரிடம் தேவையைக் கேளுங்கள்: என்ன வேலை, எந்த மாதம், எந்த இடம்.
2. அனுமதி கேளுங்கள்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். உங்கட நம்பரை அவருக்குக் குடுக்கட்டா?" அனுமதி இல்லாமல் எவருடைய இலக்கத்தையும் கொடுக்கக் கூடாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்றே 2022இல் நாட்டில் ஒரு சட்டம் நிறைவேறியிருக்கிறது.
3. உங்களுக்குத் தெரிந்த அளவை மட்டும் சொல்லுங்கள். "என் கடைக் கூரையை இவர்தான் அடிச்சார், ரெண்டு மாரி போயிற்று, ஒழுகேல்ல" என்பது போதும். வேலையைக் காணாதபோது "குழுவில் இருக்கிறார், நான் இன்னும் வேலை வாங்கவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள்.
4. விலை பேசாதீர்கள். "மலிவாச் செய்வார்" என்று நீங்கள் சொன்ன சொல்லுக்கு அவர் கட்டுப்பட வேண்டியதாகிவிடும்.
5. சீட்டை எழுதி, படம் எடுத்து உரியவருக்கு மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குழுவின் பொதுத் தளத்தில் வாடிக்கையாளரின் பெயரும் இலக்கமும் போகக் கூடாது. தனியே இருக்கும் பெண்களின் வீட்டு விபரத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

சீட்டில் இருக்க வேண்டியவை: சீட்டு இலக்கம், திகதி, கொடுப்பவர், பெறுபவர், வாடிக்கையாளர் பெயரும் ஊரும் தொலைபேசி இலக்கமும், வேலை, எப்போது, பணம் எந்த முறையில்.

பணம் எந்த முறையில் என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்தப் பகுதியில் பணம் வயலோடு வந்து வயலோடு போகிறது. பெரும்போகத்து விதைப்புக் காலத்தில் கையிலிருந்த காசு உழவுக்கும் உரத்துக்கும் போய்விடும். பெப்ரவரி, மார்ச்சில் நெல் வெட்டி விற்ற பிறகுதான் மீண்டும் காசு தெரியும். ஜனவரியில் வேலி அடிக்கக் கூப்பிடும் விவசாயி ஏமாற்ற நினைக்கவில்லை, அறுவடைக்குப் பிறகு தரலாம் என்று நினைக்கிறார். வெல்டிங்காரருக்கோ இரும்பு வாங்க இன்றைக்கே காசு வேண்டும். இது முன்கூட்டியே எழுதப்படாவிட்டால் மார்ச்சில் மூன்று பேருக்கு மனத்தாங்கல்: செய்தவர், செய்வித்தவர், பெயர் சொன்ன நீங்கள். ஆகவே சீட்டில் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: உடன் காசு, கட்டம் கட்டமாக, வெட்டுக்குப் பிறகு. மூன்றாவது என்றால் பொருளுக்கான தொகையையாவது முற்பணமாக வாங்கும்படி உறுப்பினருக்குச் சொல்லுங்கள். மிகுதியை இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். பரிந்துரைத்தவர் அந்தக் கடனுக்குப் பிணை நிற்கக் கூடாது. பிணை கேட்டால், "ஆளைக் காட்டுறது எங்கட வேலை, கணக்கு உங்க ரெண்டு பேருக்கும்" என்று சொல்லிவிடுங்கள்.

## படி 6: குறிப்பேடு

ஒரு பெரிய கொப்பி, ஆறு நிரல்கள்: சீட்டு இலக்கம், யாரிடமிருந்து, யாருக்கு, அழைப்பு எடுத்தாரா, வேலை கிடைத்ததா, வாடிக்கையாளர் என்ன சொன்னார். இதை எழுதப் பொறுப்பானவர் ஒருவர் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள்.

வேலை முடிந்து ஒரு கிழமைக்குள் பரிந்துரைத்தவர் வாடிக்கையாளரை அழைத்து, "வேலை திருப்தியா?" என்று கேட்க வேண்டும். பலர் இதைத் தவிர்ப்பார்கள், குறை கேட்க நேருமே என்ற தயக்கம். ஆனால் அந்த ஒரு அழைப்பு குறையை ஊர்ச் சந்திக்குப் போக விடாமல் உங்களிடம் கொண்டுவரும். குறை இருந்தால் கூட்டத்தில் சொல்லாமல் உறுப்பினரிடம் தனியாகச் சொல்லுங்கள், திருத்திக் கொடுக்கத் தவணை வையுங்கள். அதே ஆள் மீது மூன்று வேறு வாடிக்கையாளர் குறை சொன்னால் அவருக்கான பரிந்துரைகளை நிறுத்தி, இடத்தை விட்டுத்தரும்படி இரண்டு மூத்த உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். வட்ஸ்அப்பில் எவரையும் நீக்காதீர்கள். அந்த அவமானம் இரண்டு தலைமுறைக்குப் போகும்.

கணக்குப் பார்க்கும்போது, யார் அதிகம் பெற்றார் என்பதோடு யார் கொடுக்கவே இல்லை என்பதையும் பாருங்கள். கொடுக்காதவர் சுயநலக்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். உழவு இயந்திரம் திருத்துபவருக்கு நாள் முழுதும் விவசாயிகளோடுதான் பேச்சு. அவரிடம் படம் பிடிப்பவருக்கான பரிந்துரை வராது, நெல் ஏற்றும் லொறிக்கு வரும். அவருக்கு ஏற்ற இடங்களை நிரப்புவது குழுவின் வேலை.

## பாதுகாப்பு: காசு, கையெழுத்து

- பிரமிட் திட்டம். ஆட்கள் ஒழுங்காகக் கூடும் இடத்தைத் தேடி "இரண்டு பேரைச் சேர்த்தால் வருமானம்" என்று யாராவது கட்டாயம் வருவார். இத்தகைய திட்டங்களை நடத்துவதும் பரப்புவதும் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் குற்றம். தடை செய்யப்பட்ட நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.
- வைப்புப் பணம். உரிமம் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் தடுக்கிறது. "குழுவில் போட்டு வைத்தால் வட்டி" என்ற யோசனையை முளையிலேயே கிள்ளுங்கள். நுண்கடன் இந்த மாவட்டத்துப் பெண்களை எப்படி நெருக்கியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.
- செலவு. தேநீரை இடம் கொடுப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். கொப்பி, அச்சுச் செலவுக்கு ஒரு சிறு தொகை போதும். செலவு கூடி வங்கிக் கணக்கு தேவைப்படும்போது இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாதபடி வையுங்கள்.
- பதிவு. கூடிக் கதைக்கும் குழுவாக இருக்கும் வரை அவசரமில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் வியாபாரப் பெயரைப் பதிந்திருப்பது நல்லது. பாசிக்குடா விடுதிகளோடு தொழில் செய்ய விரும்புகிறவருக்குப் பில் புத்தகம் இல்லாமல் முடியாது. விபரத்தைக் கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

## மாரிக்கு முன்

ஒக்டோபர்க் கூட்டத்தை மாரிக்கென்றே ஒதுக்குங்கள். வடகீழ்ப் பருவமழை இறுகினால் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி நீரில் மூழ்கும், அப்பால் உள்ள ஊர்களுக்குப் படகுதான் போக்குவரத்து. அந்தப் பக்கத்து வேலைகளை வெள்ளத்துக்கு முன் முடிக்க வேண்டியவை, பின் தொடங்க வேண்டியவை என இரண்டாகப் பிரியுங்கள். அங்கே இருக்கும் ஓர் உறுப்பினரைத் தொடர்புக்கு வையுங்கள். அவசர வேலை என்று படகில் ஆளையோ கனமான பொருளையோ அனுப்ப வேண்டியிருந்தால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் அனுப்பாதீர்கள். தண்ணீர் ஏறிய வீட்டில் வயரிங் பார்க்கப் போகிறவர், பிரதான ஆளி நிறுத்தப்பட்டதை உறுதி செய்யாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. இதைப் பரிந்துரைச் சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள்.

வெட்டுக் காலத்தில், பெப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், மாதம் ஒரு கூட்டம் போதும். வராதவர்களுக்கு அந்த மாதங்களில் இரண்டாம் விதியைப் பிரயோகிக்க வேண்டாம்.

## படி 7: வளர்த்தலும் பிரித்தலும்

முதல் ஆறு மாதம் ஏழு பேரை விடக் கூட்டாதீர்கள். குறிப்பேட்டில் வேலையாக முடிந்த பரிந்துரைகள் தொடர்ந்து ஏறத் தொடங்கிய பிறகு:

1. "எங்களிடம் கேட்டு வந்தார்கள், அனுப்ப ஆள் இல்லை" என்ற சந்தர்ப்பங்களை எழுதி வாருங்கள். அடுத்த இடம் எந்தத் தொழிலுக்கு என்பதை அந்தப் பட்டியல் சொல்லும்.
2. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை விருந்தினருக்குத் திறந்து விடுங்கள். ஒருவர் ஒருவரை மட்டும் அழைத்து வரலாம்.
3. சேர விரும்புகிறவரின் முடிந்த வேலைகளில் இரண்டை இரண்டு உறுப்பினர்கள் நேரில் பார்க்க வேண்டும், அந்த வாடிக்கையாளர்களோடும் கதைக்க வேண்டும்.
4. மூன்று மாதம் தற்காலிக இடம். அந்தக் காலத்தில் சிறிய வேலைகளை மட்டும் அனுப்புங்கள்: ஒரு கதவு, ஒரு சுவர், ஒரு சட்டை.
5. இணக்கம் எல்லோரிடமும் பெறுங்கள். ஒருவர் காரணத்தோடு மறுத்தால் நிறுத்துங்கள்.

இருபது பேரைத் தாண்டினால் ஒருவருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கே கூட்டத்தைத் தின்றுவிடும், வேலைத்தலத்தில் உட்கார இடமும் இராது. அப்போது பிரியுங்கள். வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்தவர்கள் ஒரு குழுவாகவும் கிரான், சந்திவெளிப் பக்கத்தவர்கள் ஒரு குழுவாகவும் ஆகலாம். இரண்டிலும் இரு சமூகத்தவரும் இருக்கும்படி பாருங்கள். புதிய குழுவுக்குக் குறைந்தது நான்கு பழைய உறுப்பினர்கள் போக வேண்டும், குறிப்பேடு எழுதிப் பழகிய ஒருவர் அவர்களில் இருக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் இருந்த இரண்டாவது ஹாட்வெயார்காரருக்கு இப்போது இடம் கிடைக்கும், முதல் அழைப்பை அவருக்கு எடுங்கள். இரு குழுக்களும் மூன்று மாதத்துக்கு ஒரு போயா நாளில் சேர்ந்து கூடட்டும். அன்றைக்கு இரண்டு குறிப்பேடுகளையும் மாற்றி வாசியுங்கள்.